கேனன்: நாணலில் பிறந்த சொல்லும் நம் ‘முறை’யும்

ஒரு சூப்பர்ஹீரோ படம் வெளியான மறுநாள் ரசிகர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்தால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். “இது கேனனே இல்லை.” “கேனன்படி அவன் யாரையும் கொல்ல மாட்டான்.” “கேனனைக் கெடுத்துட்டாங்க.” அது என்ன கேனன் என்று தேடப் போனால் கேமரா வந்து நிற்கிறது. தமிழில் எழுதிப் பார்த்தால் கேனயன் நினைவுக்கு வருகிறான். காமிக்ஸ் ரசிகர் சொல்ல வருவது வேறு. ஒரு பாத்திரத்தின் வாழ்க்கையில் ‘நடந்தது’ என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்ட கதைகளின் தொகுப்புக்குத்தான் கேனன் என்று பெயர்.

இல்லாத ஆளுக்கு நடந்தது என்ன, நடக்காதது என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே நாயகனுக்கு எண்பது வருஷத்துக்கு மேலாக நூற்றுக்கணக்கான பேர் கதை எழுதிக்கொண்டே இருந்தால், ஒருவர் கொன்ற பாத்திரத்தை இன்னொருவர் உயிர்ப்பித்தால், எதை நம்பி அடுத்த கதையைத் தொடங்குவது? அதற்கு ஒரு வேலி வேண்டும். அந்த வேலிதான் கேனன்.

சொல்லின் வேர் ஒரு புல். நாணல் என்ற பொருளில் அக்காடிய மொழியில் ‘கனு’, எபிரேயத்தில் ‘கானே’ என்று சொற்கள் உண்டு. அந்த செமிட்டிக் மொழிகள் வழியாகக் கிரேக்கத்துக்குள் நுழைந்து ‘கன்னா’ ஆனது. நாணல் நேராக வளரும், உள்ளே கூடாக இருக்கும். நேராக இருப்பதால் அதை வைத்து அளக்கலாம். ஆகவே அதிலிருந்து பிறந்த ‘கனோன்’ என்றால் அளக்கும் கோல், அதிலிருந்து விதி, இலக்கணம். உள்ளே கூடாக இருக்கும் குணத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கிளை இத்தாலி வழியாகப் போய் ‘பெரிய குழாய்’ என்ற பொருளில் பீரங்கிக்குப் பெயரானது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல் அல்ல. ஒரு நாணலின் இரண்டு பிள்ளைகள். கேமராவின் கதை மட்டும் தனி. 1934இல் அந்த ஜப்பானிய நிறுவனத்தார் முதல் மாதிரிக்குக் கருணைத் தெய்வமான குவானன் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைக் கேனன் என்று மாற்றிக்கொண்டார்கள்.

கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸ் மனித உடலின் அளவு விகிதங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘கனோன்’ என்றுதான் பெயர். பிறகு கிறிஸ்தவ சபை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. எந்த நூல்கள் வேதத்தில் சேரும், எவை சேராது என்ற பட்டியல் கேனன் ஆனது. கி.பி. 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே இருக்கின்றன.

வேதத்திலிருந்து துப்பறியும் கதைக்குத் தாவியது ஒரு கிண்டலால். 1911இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், பின்னாளில் பாதிரியார் ஆனவர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேத ஆராய்ச்சியின் பாணியிலேயே அக்கு அக்காகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆராய்ச்சியாளர்களைக் கேலி செய்யத்தான் எழுதினார். ரசிகர்கள் அதை நிஜமாகவே பிடித்துக்கொண்டார்கள். கானன் டாயில் எழுதிய 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் ஹோம்ஸ் கேனன் ஆயின. (கானன் என்ற பெயருக்கும் இந்தக் கேனனுக்கும் சம்பந்தமில்லை. இந்தச் சொல்லைச் சுற்றி இப்படித் தடுக்கிவிழ இடங்கள் அதிகம்.) அங்கிருந்து அறிவியல் புனைவு, காமிக்ஸ் என்று பரவியது.

ஹோம்ஸுக்கு எழுத்தாளர் ஒருவர். வேலி போடுவது சுலபம். சூப்பர்மேனுக்கு அப்படி இல்லை. இங்கே கேனன் எது என்று முடிவு செய்வது உரிமையை வைத்திருக்கும் நிறுவனம். 1985இல் சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் தன் பல உலகங்களை ஒரே பெரிய தொடரில் அழித்து ஒன்றாக்கியது; 2011இல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நேற்றுவரை நடந்ததாக இருந்தது இன்று நடக்காததாகிவிடும். நடந்த கதையைப் பின்னால் வந்து திருத்துவதற்கு ‘ரெட்கான்’ என்று ஒரு சொல்லே உண்டு. தமிழில் ‘பின்திருத்தம்’ என்றால் போதும்.

இப்போது சண்டைக்கு வருவோம். படம் காமிக்ஸுக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று விவாதிப்பவர்களில் பாதிப் பேர் கேனன் என்ற சொல்லை ‘முதலில் வந்தது’ என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் வந்ததும் கேனனும் ஒன்றல்ல.

சூப்பர்மேன் 1938இல் வந்தபோது அவருக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தாண்டுவார், இருபது மாடிக் கட்டடத்தைத் தாவிக் கடப்பார், அவ்வளவுதான். சினிமாவுக்காக எடுத்த கார்ட்டூன்களில் அவர் வெட்டுக்கிளி மாதிரி தாவிக்கொண்டிருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று பறக்க விட்டார்கள் என்பார்கள். கிரிப்டனைட்? 1943இல் வானொலி நாடகத்தில் வந்தது. காமிக்ஸுக்குள் நுழைந்தது 1949இல். பத்திரிகை ஆசிரியர் பெர்ரி வைட்டும் வானொலியில் பிறந்தவர்தான். பேட்மேனின் எதிரி ஜோக்கரின் காதலி ஹார்லி க்வின் 1992இல் தொலைக்காட்சி கார்ட்டூனில் தலைகாட்டி, பிறகுதான் காமிக்ஸுக்கு வந்தாள். இவர்களை எல்லாம் ‘கேனனில் இல்லை’ என்று அன்றைக்கே விரட்டியிருந்தால் இன்றைக்குப் பாதிக் கதை இருக்காது.

ஸ்பைடர்மேனை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற வரி யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் அவனை வளர்த்த பென் மாமா என்பார்கள். 1962இல் வந்த முதல் கதையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஸ்பைடர்மேனாகும் பையன் பீட்டர் தலை குனிந்து இருட்டுக்குள் நடந்து போகிறான். மேலே ஒரு பெட்டி; அதற்குள் கதைசொல்லியின் குரலில் அந்த வரி இருக்கிறது. பென் மாமாவுக்கு அந்தக் கதையில் அப்படி ஒரு வசனமே இல்லை. பின்னால் வந்தவர்கள் அதை அவர் வாயில் வைத்தார்கள், 2002 படமும் வைத்தது, இப்போது அதுதான் கேனன். 2021 படத்தில் அதை மே அத்தை சொன்னார். அதைக் குறை சொல்பவர்கள் எந்த மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே 2002 படத்தில் வலை பீட்டரின் மணிக்கட்டிலிருந்தே பீய்ச்சிக்கொண்டு வரும். காமிக்ஸில் அவன் பள்ளிக்கூடத்துப் பையன். வலைத் திரவத்தையும் அதைப் பீய்ச்சும் கருவியையும் தானே செய்தவன். ரசிகர்கள் கொதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 2004இல் காமிக்ஸே படத்தைப் பார்த்து அவனுக்கு உடம்பிலேயே வலை சுரக்க வைத்தது. பிறகு பழைய கருவிக்கே திரும்பினார்கள். வழிநூலைப் பார்த்து முதல்நூல் திருத்திக்கொண்ட கதை இது.

வழிநூல், முதல்நூல் என்று எழுதிவிட்டேன் அல்லவா. சரி, தமிழுக்கு வருவோம். கேனனுக்குத் தமிழில் என்ன சொல்வது?

‘மூலக்கதை’ என்று சிலர் எழுதுகிறார்கள். மேலே சொன்ன காரணத்தால் அது பொருந்தாது. அது முதலில் வந்ததைக் குறிக்கும். ‘அதிகாரபூர்வக் கதை’ பொருளில் சரி, ஆனால் அரசாணை வாசனை அடிக்கிறது. வேரைப் பார்த்தால் நம்மிடம் ‘கோல்’ இருக்கிறது. தச்சரின் முழக்கோல், சமன்செய்து சீர்தூக்கும் துலாக்கோல், அரசனின் செங்கோல் என்று அளப்பதும் ஆள்வதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது, கிரேக்கத்தில் நடந்த மாதிரியே. ஆனால் ‘கோல்கதை’ என்றால் யாருக்கும் புரியாது.

பழக்கத்தில் இருக்கும் சொல் ஒன்று கண்ணுக்கு எதிரே உண்டு: திருமுறை. சைவர்களுக்குப் பன்னிரு திருமுறை. கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்திலும் பிற்பாடு பட்டியலில் ஏற்கப்பட்ட நூல்களுக்கு ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்றே பெயர். அதாவது கேனன் என்பதைத் தமிழில் ‘முறை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். காமிக்ஸுக்கு ‘திரு’ வேண்டாம். எடுத்துவிட்டால் ‘முறைக்கதை’. என் ஓட்டு இதற்குத்தான்.

முறைப்பெண், முறைமாமன் ஞாபகம் வந்து சிரிப்பு வரலாம். வரட்டும், அந்த அர்த்தமும் இங்கே வேலை செய்கிறது. யாருக்கு யார் என்ன முறை என்பதில்தான் முறைக்கதையின் பாதி அடங்கியிருக்கிறது. காமிக்ஸில் பேட்மேனாகும் புரூஸ் வேயினின் பெற்றோரைச் சுட்டவன் ஒரு சில்லறைத் திருடன். பின்னாளில் ஜோ சில் என்று பெயர் வைத்தார்கள். 1989 படத்தில் சுட்டவனே ஜோக்கர் ஆகிவிட்டான். உடையின் நிறம் மாறியதைவிட எனக்கு இது பெரிய மாற்றமாகப் படுகிறது. யாரோ ஒருவன் சுட்டான் என்பதால்தான் பேட்மேன் ஊரிலுள்ள எல்லாக் குற்றத்தோடும் போராடுகிறான். சுட்டவன் கையில் கிடைத்துவிட்டால் அது பழிவாங்கும் கதை. முறையே மாறிவிட்டது.

சரி, படத்தை என்ன சொல்வது? ‘தழுவல்’ என்ற சொல் இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனால் தழுவல் எவ்வளவு இறுக்கம் என்று அந்தச் சொல் சொல்லாது. அதைச் சொல்ல நம் இலக்கணக்காரர்கள் முன்பே வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். வழிநூல் நான்கு விதம் என்கிறது தொல்காப்பியம்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் (வேறு மொழியிலிருந்து பெயர்த்து முறைப்பட எழுதுவது). முந்நூறு பக்கத்தை இரண்டரை மணி நேரத்தில் அடக்கினால் தொகுத்தல். சின்னக் கதையைப் பத்துப் பகுதித் தொடராக இழுத்தால் விரித்தல். கேப்டன் அமெரிக்கா படமான ‘சிவில் வார்’ தொகைவிரி, அதாவது சுருக்கலும் விரித்தலும் சேர்ந்தது. 2006இல் வந்த காமிக்ஸில் ஒரு பெரும்படையே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். 2016 படத்தில் விமான நிலையச் சண்டையில் பக்கத்துக்கு ஆறு பேர். அந்தப் பக்கம் சுருக்கி, இந்தப் பக்கம் கேப்டனுக்கும் அவர் பழைய நண்பன் பக்கிக்கும் உள்ள நட்பை விரித்தார்கள். நன்றாகவே வந்தது.

நன்னூல் வழிநூலுக்கு ஒரு வரையறை தருகிறது. “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்.” முன்னவர் சொன்ன முடிபோடு ஒத்துப்போக வேண்டும், அதற்குள் பின்னால் வருகிறவர் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். கம்பர் செய்தது இதைத்தான். வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் தூக்கிப் போகிறான். கம்பரின் ராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். விகற்பம் பெரிது. முடிபு கெடவில்லை.

இங்கே ‘முடிபு’ என்றால் கிளைமாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருத்தின் முடிவு அது. ‘வாட்ச்மென்’ இதற்கு நல்ல சோதனை. 2009 படம் பல இடங்களில் காமிக்ஸைக் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்தது. கடைசியில் மட்டும், நியூயார்க்கில் திடீரென்று தோன்றும், கணவாய் மாதிரியான ராட்சதப் பிராணியைத் தூக்கிவிட்டு, பல நகரங்களை அழித்து, பழியைக் கதையின் அதீத சக்தி நாயகன் டாக்டர் மன்ஹாட்டன் மேல் போட்டார்கள். பிராணி எங்கே என்று இன்றும் கேட்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஒரு பொய்யின் மேல் உலக சமாதானம் நிற்கலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. முடிபு ஒத்திருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் உறுத்துவது வேறு: காமிக்ஸ் அருவருப்போடு காட்டும் அடிதடியைப் படம் மெதுவோட்டத்தில் அழகாகக் காட்டுகிறது. கட்டம் ஒத்துப்போன இடத்திலேதான் முடிபு நழுவுகிறது.

பேட்மேன் கொல்லலாமா என்ற நிரந்தரச் சண்டையும் இப்படித்தான். 1939இலும் 1940 தொடக்கத்திலும் அவன் கொன்றிருக்கிறான், வானூர்தியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுமிருக்கிறான். கொல்லக் கூடாது என்ற விதி பிறகு ஆசிரியர் குழு போட்டது. ஆகவே முதல்நூலைக் காட்டிக் கொலையை நியாயப்படுத்தலாம். முறைக்கதையைக் காட்டி முடியாது. ஏறத்தாழ ஒரு வருஷப் பழக்கத்தை எண்பது வருஷப் பழக்கம் மூடிவிட்டது.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியில் போகும் படங்களுக்கும் நன்னூல் இடம் வைத்திருக்கிறது: ஒரு சிறு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபடுவது புடைநூல், அதாவது சார்புநூல். 2019இல் வந்த ‘ஜோக்கர்’ இந்த வகை. அதைக் காமிக்ஸோடு வரிக்கு வரி ஒப்பிடுவது வீண்வேலை. முதல்நூலுக்கு நன்னூல் சொல்லும் வரையறைதான் காமிக்ஸுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டதாம் முதல்நூல், அதாவது வினைகளைக் கடந்த இறைவன் செய்தது. சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றுவிட்டு மாதக் கெடுவுக்குக் கதை எழுதியும் படம் வரைந்தும் கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை அந்தப் பீடத்தில் உட்கார வைத்தால் அவர்களுக்கே சிரிப்பு வரும்.

ஆக, கேனனுக்கு முறைக்கதை. அதிலிருந்து எடுத்த படத்துக்கு வழிக்கதை. பெயரளவில் ஒட்டியதற்குச் சார்புக்கதை. “இது கேனனா?” என்று கேட்பதற்கு “இது முறையில் சேருமா?” என்று கேட்டால் போதும். அப்புறம் ‘ஹெட்கேனன்’ என்று ஒன்று இருக்கிறது, எந்த நிறுவனமும் ஏற்காவிட்டாலும் ரசிகர் தன் மனசுக்குள் நடந்ததாக வைத்துக்கொள்வது. மனக்கணக்கு மாதிரி அது மனக்கதை. என் மனக்கதையில் சூப்பர்மேன் யாரும் பார்க்காத நேரத்தில் இன்னும் தாவிக்கொண்டுதான் இருக்கிறார்.