எட்டு மேஜை, ஒரே கவனம்

2020 கோடை. ஊரடங்கு சமயத்தில் பெங்களூரிலிருந்து பள்ளத்தூர் வீட்டுக்கு வந்துசேர்ந்த என் அயித்தை மகன், மாடி அறையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பழைய மேஜையைப் போட்டு, அதன்மேல் இரண்டு மானிட்டர்களை வைத்திருந்தான். ஒவ்வொரு திரையிலும் நான்கு பச்சை வட்டங்கள். ஆக மொத்தம் எட்டு இணைய போக்கர் மேஜைகள். எட்டிலும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

இடது கையில் காபி டம்ளர், வலது கை மவுஸில். ஏதாவது ஒரு மேஜையின் ஓரம் மஞ்சளாக மின்னும். ஒரு பார்வை, ஒரு கிளிக், அடுத்தது. கீழே வளவிலிருந்து அயித்தை, "சாப்பிட வர்றியாப்பா?" என்று கேட்டார்கள். "ம்" என்றான். கால் மணி நேரம் கழித்து அவர்கள் படியேறி வந்து மறுபடி கேட்டபோதுதான், முதலில் கூப்பிட்டதே அவனுக்குத் தெரியாது என்று புரிந்தது. பதில் சொன்னவன் அவன்தான். ஆனால் கேள்வி அவன் காதோடு நின்றுவிட்டது.

அந்த "ம்" என்னை விடவில்லை. எட்டு மேஜையைக் கவனிக்கிற மூளையால் அம்மாவின் ஒரு வாக்கியத்தை ஏன் வாங்க முடியவில்லை?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஆடிய காலத்தில் அதற்குத் தடை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு தடை போட்டது, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. எனவே இது எப்படி ஆடுவது என்று சொல்லும் கட்டுரை இல்லை. மூளை அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதே என் அக்கறை.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். நேரில் உட்கார்ந்து சீட்டுப் போட்டு ஆடினால் மணிக்கு ஏறத்தாழ 30 கை, அதாவது சீட்டுப் போட்டு முடியும் 30 ஆட்டம், போகும். இணையத்தில் சீட்டைக் குலுக்குவதும் பந்தயச் சில்லுகளை எண்ணுவதும் கணினியின் வேலை என்பதால், ஆறு பேர் மேஜையில் மணிக்கு சுமார் 75 கை. எட்டு மேஜை என்றால் 600. அதாவது ஆறு நொடிக்கு ஒரு புதிய கை, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு முடிவு.

இதை ஒரே நேரத்தில் எட்டு சிந்தனை என்று நினைத்தால் தவறு. மனித மூளைக்கு அப்படி ஒரு வசதியே கிடையாது. 1952-ல் வெல்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதைத் தெளிவாக விளக்கினார். அடுத்தடுத்து இரண்டு சமிக்ஞை வந்து, இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டியிருந்தால், முதலாவதற்கு முடிவெடுத்து முடியும்வரை இரண்டாவது காத்திருக்கிறது. கண் இரண்டையும் பார்க்கும், கை இரண்டையும் செய்யும். நடுவில் 'என்ன செய்வது' என்று தீர்மானிக்கிற இடம் மட்டும் ஒற்றையடிப் பாதை.

வரிசையில் நிற்பதோடு முடிந்துவிடவில்லை, மாறுவதற்கும் ஒரு செலவு உண்டு. இப்போதே செய்து பாருங்கள். 1 முதல் 12 வரை வேகமாகச் சொல்லுங்கள். அப்புறம் அ முதல் ஔ வரை. இரண்டும் சேர்ந்து சில நொடிதான். இப்போது 1-அ, 2-ஆ, 3-இ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அதே 24 சொற்கள்தான். ஆனால் ஏழு எட்டு தாண்டும்போது நாக்கு நின்றுவிடும். அடுத்த எண் எது, அடுத்த எழுத்து எது என்று ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1927-லேயே ஆர்தர் ஜெர்சில்டு என்ற அமெரிக்கர், கூட்டல் கழித்தலை மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லி இந்த இழப்பை அளந்திருக்கிறார்.

சரி, அப்படியானால் எட்டு மேஜை எப்படி ஓடுகிறது?

பெரும்பாலான முடிவுகள் அங்கே எடுக்கப்படுவதே இல்லை. அவை முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. அவன் ஆடிய ஹோல்டம் என்ற போக்கர் வகையில் ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டு. 52 சீட்டில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஆனால் ஆட்டத்துக்குப் பொருட்டான வேறுபாடு என்று பார்த்தால் 169 வகைதான். எந்த வகையை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆடுவது, எதைக் கவிழ்த்துவிடுவது என்று ஒரு அட்டவணை உண்டு. நிதானமாக ஆடுபவர் நாலில் ஒரு கையைத்தான் ஆடுவார், மீதியெல்லாம் கவிழ்ப்புதான். அயித்தை மகனுக்கு அந்த அட்டவணை வாய்ப்பாடு மாதிரி. ஏழெட்டு என்றதும் 56 என்று வருமே, அங்கே பெருக்கலா நடக்கிறது?

இது ஏன் சில வேலைகளில் மட்டும் கைகூடுகிறது என்பதற்கு ஷ்னைடரும் ஷிஃப்ரினும் 1977-ல் வெளியிட்ட ஆய்வில் நல்ல விளக்கம் இருக்கிறது. திரையில் வரும் எழுத்துகளுக்கு நடுவே குறிப்பிட்ட சிலவற்றைத் தேடச் சொன்னார்கள். தேட வேண்டியவை எப்போதும் அதே என்றால், ஆயிரக்கணக்கான முறை பழகிய பிறகு தேடல் தானியங்கியாகிவிட்டது; எத்தனை இருந்தாலும் நேரம் பெரிதாகக் கூடவில்லை. இன்று தேடும் எழுத்து நாளை தேவையில்லாத எழுத்து என்று மாற்றிக்கொண்டே இருந்தால், எவ்வளவு பழகினாலும் அந்த வேகம் வரவில்லை. பொருள் மாறாத குறிதான் பழக்கமாகும்.

போக்கரில் இரண்டும் இருக்கின்றன. கையிலுள்ள இரண்டு சீட்டின் மதிப்பு என்றைக்கும் மாறாது. ஆகவே முதல் சுற்று பழக்கத்தில் ஓடும். ஆனால் மேஜையில் எல்லாருக்கும் பொதுவான பொதுச்சீட்டு விழுந்து, எதிரே இருப்பவர் திடீரென்று பெரிய தொகை கட்டும்போது, அதன் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். அங்கே பழக்கம் உதவாது, அந்த ஒற்றையடிப் பாதையில்தான் போக வேண்டும். எட்டு மேஜை ஆடுபவரின் திறமை, பெரும் கூட்டத்தைப் பாதைக்கே வரவிடாமல் ஓரமாக அனுப்பிவிடுவது. வழி காலியாக இருந்தால்தான் கடினமான கை வரும்போது அதற்கு இடம் கிடைக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டு அடுப்படியில் இதையே வேறு வடிவில் பார்த்திருக்கிறேன். கோட்டை அடுப்பில் வரிசையாகப் பாத்திரங்கள்: பருப்பு, சாம்பார், மண்டி, கவுனி அரிசி, ஓரத்தில் பணியாரச் சட்டி. சமையல் மாஸ்டர் ஒவ்வொன்றையும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தேங்காய் துருவுகிறவரிடம் பேசிக்கொண்டே இருப்பார், சட்டென்று திரும்பி "எடு, எடு" என்பார். எண்ணெய்ச் சத்தம் அடங்கியிருக்கும். மாவில் உள்ள தண்ணீர் நீராவியாக வெளியேறும்வரைதான் எண்ணெய் சலசலக்கும். ஈரம் குறையக் குறைய சத்தமும் குறையும். பணியாரம் வெந்ததை அவர் காது சொல்லிவிடுகிறது. அவர் பாத்திரங்களைத் தேடிப் போவதில்லை, அவைதான் அவரைக் கூப்பிடுகின்றன. மஞ்சளாக மின்னிய மேஜை ஓரமும் அந்த எண்ணெய்ச் சத்தமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

நினைவாற்றலும் இதே கதைதான். மனதில் ஒரே சமயம் பிடித்து வைக்கக்கூடியவை ஏறத்தாழ நான்கு என்று நெல்சன் கோவன் 2001-ல் கணித்தார். ஒரு கடினமான கைக்கே அது சரியாகப் போய்விடும்: பொதுச்சீட்டு, சேர்ந்திருக்கும் தொகை, எதிராளி இதுவரை செய்தது, நாம் உட்கார்ந்திருக்கும் இடம். அதனால் எதிராளிகளின் பழைய வரலாற்றைத் தலையில் வைக்காமல் மென்பொருளிடம் விட்டிருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்ன எண்கள்: இவர் நூறு கையில் எத்தனையில் இறங்குகிறார், எத்தனையில் பந்தயத்தை ஏற்றுகிறார். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி என்ற வட்டிக்கடையில், பணப்பெட்டி இருக்கும் பெட்டியடியில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கடன்களை நடத்திய நம் செட்டிநாட்டு ஆட்களும் அத்தனையையும் நினைவில் வைத்திருக்கவில்லை. பேரேடு வைத்திருந்தது. பெட்டியடிப் பையன் முதலில் கற்றுக்கொண்டதே கணக்கைத் தலையிலிருந்து தாளுக்கு இறக்குவதைத்தான்.

ஏன் இத்தனை மேஜை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே மேஜையில் கவனமாக ஆடி 100 கைக்கு 5 அலகு லாபம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 கை, கிடைப்பது 3.75. எட்டு மேஜையில் ஆட்டத்தின் தரம் இறங்கி 100 கைக்கு 2 அலகுதான் என்றாலும், 600 கையில் 12 அலகு. மோசமாக ஆடி அதிகம் சம்பாதிக்கலாம். ஆனால் இதே பெருக்கல் மறுபக்கமும் வேலை செய்யும். 100 கைக்கு 3 அலகு தோற்பவர், ஒரு மேஜையில் மணிக்கு 2.25 இழப்பார், எட்டு மேஜையில் 18. சேரும் பந்தயப் பணத்தில் ஆட்டத்தை நடத்தும் தளம் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதால், எல்லாரும் சமமாக ஆடினாலும் எல்லாருக்கும் நட்டம்தான்.

எனக்குப் பயம் தந்தது இதற்கு அடுத்த கணக்கு. 100 கைக்கு 2 அலகு ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரர் ஒரு லட்சம் கை ஆடினால் சராசரியாக 2,000 அலகு லாபம் வர வேண்டும். ஆனால் சீட்டு விழும் விதத்தால் 100 கைக்கு 90 அலகு அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது இந்த ஆட்டத்தில் சாதாரணம். கை பெருகப் பெருக அந்த ஏற்ற இறக்கம் வர்க்கமூல விகிதத்தில் வளரும். ஆயிரம் நூறுகளுக்கு, ஆயிரத்தின் வர்க்கமூலம் சுமார் 31.62, அதை 90-ஆல் பெருக்கினால் 2,846. எதிர்பார்க்கும் லாபத்தைவிடவே பெரிது! ஆக, நன்றாக ஆடியும் லட்சம் கைக்குப் பிறகு நட்டத்தில் நிற்க ஏறத்தாழ நாலில் ஒரு வாய்ப்பு. தோற்க வேண்டியவர் லாபத்தில் நிற்கவும் இதே கணக்கு இடம் கொடுக்கிறது. தான் நன்றாக ஆடுகிறோமா என்பதை அக்கவுண்டில் இருக்கும் பணத்தைப் பார்த்து ஒருவர் தெரிந்துகொள்ளவே முடியாது. எட்டு மேஜையில் லட்சம் கை என்பது கிட்டத்தட்ட 167 மணி நேரம். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தவறாக நம்பிக்கொள்ள அது போதும்.

ஒரு இரவு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மேஜையில் அவன் கையில் இரண்டு ஒன்பது, பொதுச்சீட்டிலும் ஒரு ஒன்பது விழுந்தது. பெரிய கை. ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான், எவ்வளவு என்றுதான் யோசனை. அதே நேரத்தில் ஆறாம் மேஜையில் ஒருவர் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டார். இரண்டு மேஜையிலும் நேரக்கோடு சுருங்கிக்கொண்டே வருகிறது. அவன் கண் ஆறுக்குப் போனது, மனம் மூன்றிலேயே இருந்தது. கிளிக். மூன்றாம் மேஜைக்கான முடிவு ஆறாம் மேஜையில் விழுந்தது. கையில் ஒன்றுமே இல்லாத மேஜையில், இருந்த பணம் முழுவதும் போயிற்று. முடிக்காமல் விட்ட வேலையின் ஒரு பகுதி அடுத்த வேலைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பற்றி சோஃபி லெராய் 2009-ல் எழுதியிருக்கிறார். அந்த எச்சத்தை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அடுத்த இருபது நிமிடம் வேறு ஆறு மேஜைகளிலும் அவன் ஆட்டம் மாறிவிட்டது. கவிழ்க்க வேண்டியதையெல்லாம் ஆடினான். அட்டவணை மறக்கவில்லை. கோபம் ஒற்றையடிப் பாதையில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஒரு மானிட்டரை அணைத்துவிட்டான். நான்கு மேஜைதான்.

"போரடிக்குதுண்ணே, நடுவுல நடுவுல சும்மா இருக்கேன்" என்றான். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அயித்தை சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன குழம்பு?" என்று கேட்டான்.