உடம்பில் ஒட்டாத சத்து

"என்னத்தத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்கு, டாக்டரம்மா."

பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் கிடையாது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் மெலிவைத்தான் சொல்வார்கள். ஆனால் முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா சொன்னபோது, அவருடைய நோயே அந்த வார்த்தைக்குள் இருந்தது. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

வயது ஐம்பதைத் தாண்டியவர். பீடி சுற்றுகிறவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. வீட்டில் முட்டைக்குக் குறைவில்லை, வாரத்தில் மூன்று நாள் மீன் குழம்பு. வெளிநாட்டில் இருக்கும் மகன் பெரிய டப்பா சத்து மாத்திரை வேறு அனுப்பியிருந்தான். இருந்தும் இரண்டு பாதமும் எரிகின்றன. "கால்ல கிடக்க செருப்பு கழன்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்கு" என்றார். விரல் மரத்துப்போய், பீடிக்கு நூல் சுற்றும்போது நழுவுகிறது. ஆயிரம் சுற்றிய இடத்தில் அறுநூறைத் தாண்ட முடியவில்லை. எல்லோரும் "சர்க்கரை இருந்தா கால் எரியத்தான் செய்யும்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

நாக்கை நீட்டச் சொன்னேன். நாக்கின் மேல் இருக்க வேண்டிய சொரசொரப்பு இல்லை. சிவந்து வழவழவென்று இருந்தது. துவையலில் மிளகாய் பட்டால் தாங்க முடியவில்லையாம். அப்புறம் மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அதோடு, நெஞ்செரிச்சலுக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் போட்டு வந்த ஒரு கேப்சூல். அது நாலு வருடமாக. ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. வைட்டமின் பி12 மிகவும் குறைவு.

மீனும் முட்டையும் சாப்பிடுகிறவருக்கு எப்படிக் குறையும்? இதைப் புரிந்துகொள்ள பி12 உடம்புக்குள் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு சுற்றுவழி வேறு எந்த வைட்டமினுக்கும் கிடையாது.

மீனில் பி12 தனியாகக் கிடப்பதில்லை. புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்ந்துதான் அதைப் பிரித்தெடுக்கின்றன. பிரிந்த உடனே, எச்சிலிலிருந்து வந்த ஒரு புரதம் அதைப் பிடித்து, அமிலம் கெடுத்துவிடாமல் சிறுகுடல்வரை கொண்டுபோகும். அங்கே கணைய நீர் அந்தப் பிடியை அவிழ்த்துவிட, இரைப்பைச் சுவர் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற இன்னொரு புரதத்தோடு பி12 சேர்கிறது. இந்த ஜோடி சிறுகுடல் முழுக்கப் பயணம் செய்து, அதன் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கேதான் இதற்கான கதவு இருக்கிறது.

இந்த அம்மாவுக்கு வழியில் இரண்டு இடத்தில் தடை. நெஞ்செரிச்சல் கேப்சூல் அமிலத்தைக் குறைத்துவிட்டதால் மீனிலிருந்து பி12 சரியாகப் பிரியவில்லை. மெட்ஃபார்மின், சிறுகுடலின் கடைசியில் உள்ள கதவில் குறுக்கிட்டது. குடல் டிபி வந்தவர்களுக்கும், சிறுகுடலின் அந்தப் பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். மீனைக் கூடை கூடையாகச் சாப்பிட்டாலும் கதவு மூடியிருந்தால் உள்ளே போகாது.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 வெறும் 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பதுதான் ஒரு மைக்ரோகிராம். கல்லீரல் இதைச் சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் குறைபாடு சத்தமில்லாமல் வருகிறது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது, மூன்றாம் வருடமும் தெரியாமல் போகலாம். தெரிய வரும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ரத்தம் குறைவு என்றவுடன் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ரத்தம் ஏறிவிடும். பி12 குறைவு அப்படியே இருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே நரம்புச் சேதம் தொடரும். எந்தச் சத்து குறைவு என்று பார்த்தபின் மருந்து எடுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய சோறு நல்ல உணவு, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் பி12-க்குப் பால், தயிர், முட்டை, மீன், கறி என்று போக வேண்டும். சைவர்கள் பால், தயிரை விடவே கூடாது.

எல்லா வைட்டமினும் இத்தனை கெடுபிடி செய்வதில்லை. ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைகிறவை. அவற்றுக்கு எண்ணெய்த் துணை போதும். நம்மூர் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் அதே சொதி. கேரட்டின் ஆரஞ்சு நிறம்தான் பீட்டா கரோட்டின். பச்சைக் கேரட்டைக் கடித்தால் அதன் செல்சுவர்களுக்குள்ளேயே பெரும்பகுதி சிக்கிக்கொள்ளும். சொதியில் வேகும்போது சுவர் இளகுகிறது. தேங்காய்ப் பாலில் உள்ள கொழுப்பில் கரோட்டின் கரைகிறது. குடலில் பித்தநீர் வந்து அந்தக் கொழுப்பைப் பொடித் துளிகளாக்கி, குடல்சுவருக்குள் நுழைய வைக்கிறது. அங்கே கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறி, நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போய், கல்லீரலில் சேமிப்பாகிறது. கடைசியில் அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதுவும் சரியான காரியம். வைட்டமின் சி சூட்டில் அழியும். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மிஞ்சும், சி குறையும்.

முருங்கைக்கீரையும் அப்படியே. டயட் என்று சொல்லி ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் அவித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துத் தேங்காய்த் துருவல் போட்டால்தான் அந்தக் கீரையின் கரோட்டின் உங்களுக்குச் சேரும். பித்தப்பைக் கல் நழுவிப் பித்தநீர்க் குழாயை அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு ஏ, டி, இ, கே நான்கும் சரியாக உள்ளே போகாது. ரத்தம் உறைய உதவும் கே குறைந்து ஈறில் ரத்தம் கசியும்.

பி பிரிவும் சி-யும் நீரில் கரைகிறவை. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போவது ரிபோஃபிளேவின் வெளியேறுவதால்தான், பயப்பட ஒன்றுமில்லை. நீரில் கரைவதால் அரிசியைக் களைந்து களைந்து ஊற்றும்போதும், கஞ்சியை வடித்துக் கொட்டும்போதும் பி1 போகும். இந்த இடத்தில் புழுங்கல் அரிசி நமக்குப் பெரிய உதவி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அம்பை 16 ரக அரிசி சாப்பிடுகிற வீடுகளில் புழுங்கலாகவே வாங்குங்கள்.

கொழுப்பில் கரைகிறவை அப்படி வெளியேறாது. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விடாத வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று வந்தார். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று நினைத்து இரண்டு மாதம் பாலில் கலந்து குடித்திருக்கிறார். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. நல்லவேளையாகத் தேறிவிட்டார்.

இந்த டி-யை வெயிலில் தோலே தயாரிக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் அதை வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும். ஆனால் காலை ஆறரை மணி இளவெயிலில் அதற்கான கதிர் மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் கையும் முதுகும் படும்படி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு, சுளகை மடியில் வைத்து நாள் முழுக்க வீட்டுக்குள் உட்காரும் பீடிப் பெண்கள் இடுப்பு வலி, தொடை வலி என்று வருகிறார்கள். இலை வெட்டும் வேலையையாவது முற்றத்தில் உட்கார்ந்து செய்யுங்கள் என்பேன்.

முக்கூடல் அம்மாவுக்கு முதலில் பி12 ஊசி, பிறகு 1,000 மைக்ரோகிராம் மாத்திரை. அவ்வளவு பெரிய அளவு எதற்கு என்றால், கதவு மூடியிருந்தாலும் நூற்றில் ஒரு பங்கு குடல்சுவர் வழியாகக் கசிந்து உள்ளே போகும். அந்த ஒரு பங்கே போதும். மாத்திரையில் பி12 தனியாக இருப்பதால் அதைப் பிரிக்க அமிலமும் தேவையில்லை. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. அது நல்ல மருந்து, இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். பல வருடமாகப் போடுகிறவர்கள் அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேப்சூலை மட்டும் படிப்படியாகக் குறைத்து விட்டுவிட்டோம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றியதிலேயே நெஞ்செரிச்சல் பாதி அடங்கியது.

நாலு மாதம் கழித்து வந்தார். நாக்கு தேறியிருந்தது, விரல் பிடிப்பு வந்திருந்தது. பாத எரிச்சல் மட்டும் முழுசாகப் போகவில்லை, கெட்ட நரம்பு எல்லாமே திரும்பாது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "மதினி, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். "இவுகளும் பத்து வருசமாச் சர்க்கரை மாத்திரை போடுதாக. காலு எரியலன்னுதான் சொல்லுதாக. நீங்க நாக்கை மட்டும் பாருங்க, டாக்டரம்மா."