அறுவைப்புகையா, பொசுங்கு புகையா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வந்தா தங்கச்சி குளிச்சிட்டுதான் மத்த பேச்சு. ஓபரேஷன் தியேட்டர்ல நர்ஸ். "மாஸ்க்க கழட்டுனாலும் மூக்குலயே நிக்குதுண்ணே" ம்பா, கோழிய உரிச்சிட்டு மிச்ச முடிய தீயில வாட்டுவோமே, அதே வாடையாம்.

ஆப்பரேஷன்ல சதைய கரண்டால சுடும்போது வர்ற புகை அது, பேரு சர்ஜிக்கல் ஸ்மோக். தமிழ்ல அத எப்படி சொல்றது? சர்ஜரிங்கிற சொல்லுக்கு வேர் கிரேக்கம், கைர்னா கை, எர்கோன்னா வேலை, ஆக கைவேலைன்னு அர்த்தம். நம்மகிட்ட முன்னாடி ரண சிகிச்சைன்னு இருந்துச்சு, இலங்கைல சத்திர சிகிச்சைன்னுவாங்க, இப்ப அறுவை சிகிச்சை. அதனால அறுவைப்புகைன்னு சொல்லிடலாம், ஆனா எனக்கு அதுல ஒரு குறை தெரியுது. கத்தியால அறுத்தா புகையே வராதுங்க, சுட்டாதான் வரும்!

1926ல போஸ்டன்ல வில்லியம் போவி செஞ்ச மின்கருவிய வச்சு ஹார்வி குஷிங்ங்கிற மூளை சர்ஜன் ஒருத்தர் தலையில இருந்த கட்டிய ஆப்பரேஷன் பண்ணாரு, அதுக்கப்புறம்தான் கரண்டால அறுக்கிறது பரவலாச்சு. தியேட்டர்ல அத டயத்தர்மிம்பாங்க, இதுவும் கிரேக்கம்தான், ஊடே போற சூடு. கரண்டு பட்டதும் செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு செல் வெடிக்குது, அப்ப கிளம்புறதுதான் இந்த புகை. குலசேகர ஆழ்வார் "வாளால் அறுத்துச் சுடினும்"னு மருத்துவரப் பத்தி பாடும்போதே அறுக்கிறதையும் சுடுறதையும் தனித்தனியா சொல்லிட்டாரு. அதனால என் மனசுக்கு ஒட்டுற சொல் பொசுங்கு புகை. முடி, தோல், சதை கருகுனா நம்ம வீட்டு பொம்பளைங்க பொசுங்குதுன்னுதானே சொல்வாங்க.

சில பேரு ஆவின்னு எழுதுறாங்க, அது வேணாம். 95 சதவீதம் நீராவிதான், சரி, ஆனா மிச்சம் 5ல பென்சீன், ஃபார்மால்டிஹைட், ஹைட்ரஜன் சயனைட், கார்பன் மோனாக்சைடுன்னு இருக்கு, மருவ சுட்ட புகையில மருவ உண்டாக்குற எச்பிவி வைரசோட டிஎன்ஏவே கிடைச்சிருக்கு. ஆவின்னு கேட்டா யாரு பயப்படுவா? சின்ன துளை வழியா கேமரா விட்டு செய்ற லேப்ரோஸ்கோப்பில இந்தப் புகை நோயாளி வயித்துக்குள்ளயே அடைஞ்சு நிக்கும், கேமராவ மறைக்கும், கார்பன் மோனாக்சைடு ரத்தத்துலயும் ஏறும்.

சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் இதுக்கு பத்தாது, ஓரமெல்லாம் இடைவெளி, இந்த துகளோ ரொம்ப பொடி. ஜெரெபு, அதான் காட்டுத்தீ புகைமூட்டம், வந்தப்ப நாம போட்ட என்95, முகத்தோட ஒட்டி இருந்தா, கொஞ்சம் தேவல. ஆனா முதல் காவல் புகை கிளம்புற இடத்துலயே உறிஞ்சி எடுக்கிறதுதான், குழாய் வாய 2 அங்குலத்துக்குள்ள பிடிக்கணும், உள்ள ரொம்ப பொடித் துகளையும் பிடிக்கிற உல்பா ஃபில்டர் இருக்கணும். சுவத்துல இருக்கிற சக்‌ஷன் ரத்தம், தண்ணி இழுக்கத்தான், இவ்வளவு புகைக்கு அதோட இழுப்பு போதாது.

அந்த மெஷினுக்கு தமிழ்ல புகை உறிஞ்சி, இதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. தங்கச்சி தியேட்டர்லயும் ஒண்ணு இருக்கு, சத்தம் போடுதுன்னு மூலையில மூடி வச்சிருந்தாங்க. போன மாசத்துலேர்ந்து கேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இவளே போய் சுவிட்ச போட்டுடுறா.