டவுன்கிரேட்: தரமிறக்கமா, மீட்டலா?

டவுன்கிரேட்: திறன்பேசியில் இப்போதுள்ள இயங்குதளத்தை நீக்கிவிட்டு, அதற்கு முந்திய பதிப்பை நிறுவுதல். அன்ட்ரொய்ட் 14இலிருந்து 13க்குத் திரும்புவது ஓர் உதாரணம்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ போன் திருத்தும் கடைகளில் இந்தச் சொல் அதிகம் காதில் விழாது. "தம்பி, அப்டேட் போட்டதுலருந்து போன் சூடாகுது, பழைய வெர்ஷனுக்கே எறக்கி தாங்க" என்றுதான் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ, அந்த 'எறக்கி' ஆங்கிலச் சொல்லின் வேரைத் தொட்டுவிடுகிறது.

'கிரேட்' என்பதன் மூலம் இலத்தீனின் 'கிராதுஸ்'; படி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் டவுன்கிரேட் என்றால் பாதையின் அல்லது தண்டவாளத்தின் இறக்கம், அப்கிரேட் என்றால் ஏற்றம். பதவியையோ மதிப்பையோ குறைத்தல் என்ற வினைப்பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது அதற்கும் பிறகு. மலையக ரயிலில் போனவர்களுக்கு மூலப்பொருளை விளக்க வேண்டியதில்லை. வண்டி நானுஓயா தாண்டி, உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தையும் கடந்து, பிறகு பதுளைப் பக்கம் இறங்குகிறது. கீழே இருக்கிறது என்பதற்காகப் பதுளை தரம் குறைந்த ஊராகிவிடுமா?

'தரமிறக்கம்' என்று பரவலாக எழுதப்படும் பெயர்ப்பில் எனக்குள்ள சிக்கல் இதுதான். நம் நாட்டில் 'தரம்' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் அது வகுப்பு. வைத்தியசாலையைத் தரமுயர்த்தக் கேட்கும்போது அது வசதியும் அந்தஸ்தும். 2022இல் நாட்டின் கடன் தரமிறக்கப்பட்டபோது அது நம்பகம். தேயிலைத் தொழிற்சாலையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று சலித்துப் பிரிக்கும் கிரேட்டுக்கோ இலைத்துணுக்கின் அளவே அடிப்படை. ருசி வேறு கணக்கு. போனை 'தரமிறக்கினேன்' என்றால் கேட்பவருக்கு அது மட்டமாகிவிட்டது என்றே படும். பழைய கருவி பழைய பதிப்பில் வேகமாக ஓடுவதும் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் கைவிட்டுப் போகின்றன, உண்மை. அந்த நட்டத்தைத் தனியாகச் சொல்லலாம். சொல்லே முன்கூட்டித் தீர்ப்பெழுத வேண்டாம்.

'பதிப்பிறக்கம்' அழகான சொல்தான். ஆனால் டவுன்லோடுக்குப் 'பதிவிறக்கம்' நிலைத்துவிட்ட பிறகு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாசகர் தடுமாறுவார். 'மீளமைத்தல்' ரீசெட்டுக்கு உரியது. ரீசெட் செய்தால் பழைய வெர்ஷன் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; வராது. படங்களும் செயலிகளும் அழியும், இயங்குதளம் புதியதாகவே இருக்கும்.

என் தெரிவு, 'முற்பதிப்புக்கு மீட்டல்'. கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை என்று பழகிய இலங்கைத் தமிழுக்கு அந்நியமில்லை. தோல்வியையும் இதே வேரில் சொல்ல முடிகிறது: மீட்க முடியாது.

அப்படி மீட்க முடியாத போன்கள் இன்று நிறைய. 2017இல் வந்த அன்ட்ரொய்ட் 8 முதல், நிறுவியிருக்கும் பதிப்புக்கான எண்ணைப் பாதுகாப்பான நினைவகத்தில் குறித்துவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைவிடக் குறைந்த எண்ணுள்ள பதிப்பைப் போட்டால் கருவி இயங்க மறுக்கும். இதை 'மீட்டல் தடை' எனலாம். 2022 ஓகஸ்டில் அன்ட்ரொய்ட் 13 ஏறிய கூகுள் பிக்சல் 6 வகைகள், வழக்கமான 12 பதிப்புக்குத் திரும்ப முடியாமல் போனது இத்தகைய தடையால்தான். ஐபோனில் வேறு வழி: நிறுவும்போது ஆப்பிளின் சேர்வர் அந்தப் பதிப்புக்கு மின்னணுக் கையொப்பமிட்டு அனுமதிக்க வேண்டும். புதியது வந்த சில நாட்களிலோ வாரங்களிலோ பழையதற்கான கையொப்பம் நின்றுவிடும். பிறகு கடைக்காரத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை.

எழுதிப் பார்க்க:
"முற்பதிப்புக்கு மீட்டால் உள்ளதெல்லாம் அழியும், படங்களை முதலில் கணினிக்கு மாற்றுங்கள்."
"புதிய பதிப்பில் எடுத்த காப்புப்பிரதி, மீட்ட ஐபோனில் ஏறாமல் போகலாம்."
"இந்த மொடலுக்கு மீட்டல் தடை இருக்கிறது, காசைக் கொடுத்துவிடாதீர்கள்."