38-ல் தொடங்கினால் 1938 இன்ஜின் ஆகிவிடாது

பழைய செவ்ரோலே லாரி வாங்கிய இன்னொருவர் போன வாரம் பட்டறைக்கு வந்தார். "1938 ஒரிஜினல் இன்ஜின்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அதை நம்பிக் கூடுதல் விலை கொடுத்ததோடு, வெளிநாட்டிலிருந்து 216 கன அங்குல இன்ஜினுக்கான பிஸ்டன் செட்டும் வரவழைத்துவிட்டார். ஆதாரம் கேட்டால் இன்ஜின் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) பக்கவாட்டில் மேடாக வார்த்திருக்கும் எண்ணைக் காட்டுகிறார்: 3835911. "அண்ணே, முதல் ரெண்டு நம்பர் 38, பாருங்க."

அது 1954, 55 வாக்கில் வந்த 235 கன அங்குல பிளாக். அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3 9/16 அங்குலம். அவர் வாங்கி வைத்திருக்கும் பிஸ்டன் 3½ அங்குல போருக்கானது. பணம் போனது போனதுதான்.

இந்த 38 கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வார்ப்பு எண்ணில் வருஷம் கிடையாது. கம்பெனி தன் பாகங்களுக்கு வரிசையாகப் போட்டுக்கொண்டே போன எண்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஒரே எண்ணில் வருஷக்கணக்கில் பிளாக் வார்ப்பார்கள். நம்பிக்கை வராதவர்கள் 3701481 என்ற பிளாக்கைப் பாருங்கள். அது 1950 முதல் 53 வரை வந்த 235. '38' கணக்குப்படி அது 1937 ஆக வேண்டும். ஆனால் 1937-ல் 235 இன்ஜினே இல்லை. அந்த வருஷம் வந்தது 216. 235 கனரக லாரிகளில் ஏறியதே 1941-ல்தான். விற்பவர் சொல்லும் கணக்கு முதல் சோதனையிலேயே உடைந்துவிடுகிறது. ஆனாலும் தரகர்கள் சொல்கிறார்கள், படித்தவர்களும் நம்புகிறார்கள்.

தேதி வேண்டுமென்றால் தேதியைப் படியுங்கள். பிளாக்கில் வார்ப்பு எண் தவிர சின்னதாக இன்னொரு குறியும் இருக்கும். முதலில் ஓர் எழுத்து, அது மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே எல் டிசம்பர் வரை. அடுத்து நாள். கடைசியில் வருஷம், அதுவும் பெரும்பாலும் கடைசி இலக்கம் மட்டும். 'ஏ 22 4' என்றால் ஜனவரி 22, ஆனால் 1944-ஆ 1954-ஆ? இந்த இடத்தில்தான் வார்ப்பு எண் உதவும். 3835911 பிளாக் 1944-ல் இல்லை, ஆகவே 1954. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டும். தனியாக எதையும் நம்பாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு. வால்வ் கவரை நடுவில் இரண்டு நட்டு பிடித்திருந்தால் பெரும்பாலும் 1953 வரை வந்தது. ஓரத்தில் நான்கு ஸ்க்ரூ என்றால் 1954 முதல் வந்தது. ஆனால் கவரை யாரும் மாற்றிவிடலாம். பிளாக்கின் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டும் அப்படித்தான், அதில் தனி எண்ணும் தனித் தேதியும் இருக்கும். ஹெட்டில் இருக்கும் தேதியைப் பிளாக்கின் தேதியாகச் சொல்லி விற்பதையும் பார்த்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பக்கத்தில் பஞ்ச் அடித்த எண்தான் இன்ஜின் எண். ஆர்.சி. புக்கோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான், மேடாக இருக்கும் வார்ப்பு எண்ணை அல்ல. ஆர்.சி.யில் இருக்கும் வருஷம் வண்டிக்கு உரியது, இன்ஜினுக்கு அல்ல. பெட்ரோல் செலவு தாங்காமல் பெர்கின்ஸ் டீசல் மாட்டி ஓட்டிய செவ்ரோலே லாரிகள் நம் ஊரில் எத்தனையோ. அவற்றில் சிலவற்றுக்குப் பிற்பாடு எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் இன்ஜினைத் தேடி மாட்டியிருப்பார்கள்.

வண்டி தயாரான தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக் என்றால், அது மாற்றிய இன்ஜின். வாதத்துக்கே இடமில்லை. வண்டிக்குச் சில வாரம் முந்தைய தேதி சகஜம். வருஷம் மாறினாலும் பயப்பட வேண்டாம், 1953 கடைசியில் வார்த்த பிளாக் 1954 மாடலில் இருக்கலாம். (1955 லாரி என்றால் இன்னும் கவனம். அந்த வருஷம் மார்ச்சில்தான் புது மாடல் வந்தது, அதற்கு முன் 1955 என்று விற்றதெல்லாம் 1954 வடிவம்தான்.)

எண்ணைப் படிக்க கிரைண்டரைத் தூக்காதீர்கள்! மணல் அடிக்கவும் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். துடைத்துவிட்டு சாக்பீஸ் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். பஞ்ச் அடித்த எண்ணைச் சுற்றி மட்டும் அராவிய தடம் இருந்தால், எழுத்துகள் ஏறுமாறாக நின்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். பிறகு ஆர்.டி.ஓ.வில் திருட்டு வண்டியா என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

தயவுசெய்து, பணம் பேசுவதற்கு முன்னால் மூன்று படம் கேளுங்கள்: வார்ப்பு எண், வார்ப்புத் தேதி, பஞ்ச் எண். மூன்றும் கையில் இருந்தால் எந்த நல்ல மெக்கானிக்கும் வருஷம் சொல்லிவிடுவார். பிஸ்டனை அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.