அந்த ஷாட்டை எப்படியும் வெட்டத்தான் போகிறோம்

படத்தொகுப்பு என் தொழில். மாணவர்கள் எடுக்கும் திரில்லர் குறும்படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்வது அதன் ஒரு பகுதி. அவர்களுக்குக் கொடுக்கப்படும் பயிற்சி பெரும்பாலும் ஒன்றுதான்: முழுக்கதை வேண்டாம், இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சி போதும், பெயர்கள் ஓடி முடிவதற்குள் பார்ப்பவர் இருக்கை நுனிக்கு வந்துவிட வேண்டும்.

முடிந்த படத்தைப் பார்ப்பவர்களின் கண்ணில் படாத ஒன்று தொகுப்பாளரின் கண்ணில் படும். கேமரா ஓடத் தொடங்கிய பிறகு ‘ஆக்‌ஷன்’ சொல்லும் வரையிலான சில வினாடிகள், ‘கட்’ சொன்ன பிறகும் யாரோ நிறுத்த மறந்ததால் ஓடிக்கொண்டிருக்கும் சில வினாடிகள். படப்பிடிப்பின் உண்மையான திரில்லர் அங்கேதான் இருக்கிறது. ஒரு குழு கொண்டுவந்த காட்சியைச் சொல்கிறேன். இரவு, மொட்டை மாடி. துரத்தப்படும் இளைஞன் கைப்பிடிச் சுவரின் மேல் ஓட வேண்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சுவர் ஈரமாக இருக்கிறது என்கிறது. இன்னொரு குரல், பேட்டரி தீரப்போகிறது, சீக்கிரம் என்கிறது. அவன் ஓடுகிறான். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

இனி அந்த ஷாட்டைப் பாருங்கள். வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாகத் தெரிகிறது. கறுப்பு வானத்தின் முன்னால் கறுப்பு உருவம் ஒன்று இடமிருந்து வலமாகப் போகிறது. கேமரா அவன் மார்புயரத்தில், மாடிக்கு உட்பக்கம் இருந்ததால் சுவருக்கு அப்பால் நான்கு மாடிப் பள்ளம் இருப்பது தெரியவே இல்லை. உயரம் திரையில் தெரிய வேண்டுமானால் கேமரா மேலிருந்து கீழ்நோக்க வேண்டும். அளவை உணர்த்தக் கீழே ஒரு ஆளோ வண்டியோ இருக்க வேண்டும். இரண்டும் அந்த ஷாட்டில் இல்லை. கடைசியில் நாங்கள் பயன்படுத்தியது, காலணி சுவரில் பதியும் ஒரே ஒரு க்ளோசப். அதைத் தரையில் அடுக்கிய செங்கல் வரிசையின் மேல் எடுத்திருந்தாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நீங்கள் எடுக்கும் ஆபத்து திரையில் பதிவாவதில்லை. பதிவாவது கோணம், ஒலி, நேரம். ஆபத்தான ஷாட் பெரும்பாலும் மோசமான ஷாட்டாகவும் இருக்கும். ஏனென்றால் எல்லோருடைய கவனமும் கீழே விழாமல் இருப்பதில் போய்விடுகிறது. ஃபோகஸை யாரும் பார்ப்பதில்லை.

பயத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்குத் திரில்லர் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் கேட்டதில்லை. மேசையடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 வினாடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சாதாரணமாகப் பேசவிட்டால் 15 நிமிடப் பதற்றம். மாணவர்கள் பலர் முதல் வகையை எடுக்கிறார்கள். அதனால்தான் கத்தியும் ஓட்டமும் அலறலும் தேவைப்படுகின்றன. இரண்டாம் வகைக்குத் தேவை ஒன்றே ஒன்று: கதாபாத்திரத்துக்குத் தெரியாத ஒரு செய்தி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பெண் தனியாக வசிக்கும் வீட்டுக்குத் திரும்புகிறாள். கதவை உள்ளே தாழிடுகிறாள், சாவியை ஆணியில் மாட்டுகிறாள், கைப்பேசியில் அம்மாவுடன் பேசியபடி சமையலறைக்குப் போகிறாள். அடுத்த ஷாட்: குளியலறைக் கண்ணாடி. அதில் ஆவி படிந்திருக்கிறது, யாரோ சற்றுமுன்தான் குளித்ததுபோல. ஆவியில் ஒரு கையகலத்துக்குத் துடைத்த இடம். அவள் பேச்சு பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. இவ்வளவுதான். கத்தி இல்லை, முகமூடி இல்லை, யாரும் ஓடவில்லை. வெந்நீர்க் கெண்டி ஒன்று போதும். அதை நடிகையின் காலருகே வைக்காமல் இருந்தால் அன்றைய ஆபத்துக் கணக்கும் முடிந்தது.

இதில் பாதி வேலை ஒலியுடையது என்பதைக் கவனியுங்கள். அவள் குரல் நெருக்கமாகக் கேட்டால் பயம் குறையும். தூரத்திலிருந்து, சுவர் வழியாக வருவதுபோல் கேட்டால் அந்தக் குளியலறையில் நாம் வேறு யாருடனோ நிற்கிறோம். மாணவர் படங்களில் முதலில் சறுக்குவது ஒலிதான். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு வாருங்கள். ஷாட்டுக்கு ஷாட் பின்னணி இரைச்சல் மாறித் தாவும்போது ஒட்டுப்போட அது இல்லாவிட்டால் எந்தப் பின்னணி இசையும் உங்களைக் காப்பாற்றாது.

இல்லை, என் கதைக்குக் கொலை வேண்டும் என்பவர்களுக்கு ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டு ‘சைக்கோ’ படக் குளியலறைக் காட்சி இருக்கிறது. 78 கேமரா கோணங்கள், 52 வெட்டுகள், எடுத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்தி உடலில் இறங்கும் சத்தம், முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தது. பார்த்தவர்கள் கண்டதாக நினைத்த காயத்தின் பெரும்பகுதியைப் படத்தொகுப்பும் ஒலியும்தான் உண்டாக்கின.

ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் சற்றுக் கடுமையாகிவிடுவேன். சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, கவனமாக இருப்போம் என்று சொல்லும் குழுவோடு நான் வாதாடுவதில்லை. அந்த ஷாட்டை எடுத்துவரக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கத்தியின் பளபளப்பு வேண்டுமா? அதை மேசை மேல் வைத்து, பக்கத்தில் ஆளே இல்லாமல் தனியாக எடுங்கள். கையில் பிடித்திருக்கும் ஷாட்டுக்கு ரப்பரிலோ அட்டையிலோ செய்ததைக் கொடுங்கள். அசைவில் இருக்கும்போது யாருக்கும் தெரியாது. குத்தும் ஷாட்டில் பிடி மட்டும் இருந்தால் போதும், அலகே தேவையில்லை.

துப்பாக்கி இன்னும் மோசம். தோட்டா இல்லாத வெற்று வெடியாயிற்றே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகருக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாக, வெற்று வெடி போட்ட துப்பாக்கியை நெற்றிப் பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். வெடித்த வேகமே மண்டையோட்டை உடைத்தது. சில நாள்களில் இறந்தார். 1993இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது வேறு விதம்: முந்தைய காட்சிக்காகச் செய்த போலித் தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்தது, பிறகு சுடப்பட்ட வெற்று வெடி அதை வெளியே தள்ளியது. 2021இல் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் ஒத்திகையின்போது படப்பிடிப்புத் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். இருக்கவே கூடாத உண்மைத் தோட்டா அந்தத் துப்பாக்கியில் இருந்தது. சம்பளத்துக்கு ஆயுதப் பொறுப்பாளர் இருந்த படப்பிடிப்பிலேயே இப்படி என்றால், கல்லூரி மாணவர் குழுவுக்கு இதில் வேலையே இல்லை. சுடும் ஒளியையும் புகையையும் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

பொம்மைத் துப்பாக்கியால் யாரையும் சுட முடியாது, சரி. ஆனால் அதை வைத்திருப்பவர் சுடப்படலாம். 2014இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் கேமரா தெரியாது, கதை தெரியாது. முகமூடி போட்ட இருவர் ஒரு பெண்ணை வண்டிக்குள் இழுத்துப்போவது மட்டும் தெரியும். அவர் காவல்துறையை அழைத்தால் அது அவருடைய கடமை. குறுக்கே பாய்ந்து காப்பாற்ற வந்தால் அடிபடுவது உங்கள் நடிகர். ஆகவே பொது இடத்தில் இப்படிப்பட்ட காட்சியே வேண்டாம் என்பது என் கட்சி. எடுத்தே தீர வேண்டுமென்றால் இடத்துக்குரியவரிடம் எழுத்தில் அனுமதி, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல், அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவைப்பது, படப்பிடிப்பு நடக்கிறது என்ற பெரிய அட்டை, போவோர் வருவோருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள். ஆயுதமும் முகமூடியும் ஷாட் ஓடும்போது மட்டும் வெளியே வர வேண்டும். இடைவேளையில் அவற்றோடு தேநீர் குடிக்கப் போகக் கூடாது.

ரயில் தண்டவாளம் என்ற சொல்லைக் கதையில் கண்டாலே நான் அடித்துவிடுகிறேன். 2014 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் பாலமொன்றின் மேல் கனவுக் காட்சிக்காகக் கட்டிலைப் போட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்த குழுவின் மேல் சரக்கு ரயில் வந்தது. கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ் இறந்தார், வயது 27. ரயில் நிறுவனம் தண்டவாளத்தில் எடுக்க அனுமதி தந்திருக்கவில்லை. இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் எவரும் நேராகப் போய், இங்கே எடுக்க அனுமதித் தாள் எங்கே என்று கேட்கலாம். படப்பிடிப்பில் மிகவும் இளையவருக்குக்கூட அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவைப்பது இயக்குநரின் வேலை.

நடிகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரில்லர் தொடக்கத்தில் யாரையாவது கட்டிப்போடுவது, வாயை அடைப்பது, கழுத்தை நெரிப்பது வழக்கமாகிவிட்டது. மேடைச் சண்டைப் பயிற்சியில் ஓர் அடிப்படை விதி உண்டு: தாக்கப்படுபவர் கையில்தான் கட்டுப்பாடு இருக்க வேண்டும். நெரிப்பவரின் கை கழுத்தில் படவே படாது, காறை எலும்பின் மேல் தளர்வாக இருக்கும். நெரிபடுபவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுவதுபோல் நடித்துக்கொண்டு உண்மையில் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பார். முடியைப் பிடித்து இழுப்பதும் அப்படியே. கயிற்றைச் சுற்றி முனையை நடிகரின் உள்ளங்கையிலேயே கொடுத்துவிட்டால் முடிச்சே தேவையில்லை. தலையில் பிளாஸ்டிக் பை, வண்டியின் பின்பெட்டிக்குள் பூட்டுவது ஆகியவற்றுக்குப் பாதுகாப்பான வழி என்று ஒன்று கிடையாது, விட்டுவிடுங்கள்.

நிறுத்தச் சொல்ல ஒரு சொல்லை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ‘வேண்டாம்’, ‘விடு’ எல்லாம் வசனத்தில் வந்துவிடும். உண்மையாகவே வலிக்கும்போது சொன்னாலும் நன்றாக நடிக்கிறாள் என்றுதான் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்த, இன்னும் வெட்டாத மூலக்காட்சிகளில் நெஞ்சைக் கலக்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். கதைக்குச் சம்பந்தமே இல்லாத ‘மஞ்சள்’ போன்ற சொல்லாக இருக்கட்டும். வாய் கட்டப்பட்டிருந்தால் கையால் மூன்று முறை தட்டுவது.

இரவுக் காட்சியை இரவில்தான் எடுக்க வேண்டும் என்பதுமில்லை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினால் நண்பகலிலும் நள்ளிரவு கிடைக்கும். வெளிக்காட்சியென்றால் சூரியன் மறைந்த பிறகு கிடைக்கும் நீல வெளிச்சத்தில் முக்கியமான ஷாட்டுகளை முடித்துவிடலாம். அது சீக்கிரம் போய்விடும் என்பதால் ஒத்திகை முன்பே முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கமில்லாத குழுவைப் பின்னிரவில் இருசக்கர வண்டிகளில் வீட்டுக்கு அனுப்பும் ஆபத்தை எந்தக் கதைப்பலகையிலும் யாரும் வரைவதில்லை.

தொகுப்பு மேசையிலும் கவனிக்க இரண்டு உண்டு. மின்னி மின்னி மறையும் விளக்கு விளைவுகள் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகள் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களைப் பாதிக்கலாம். குறைத்துவிடுங்கள், பயமும் ஒன்றும் குறையாது. அடுத்து இசை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் இசையில் ‘மாற்றங்களுக்கு அனுமதியில்லை’ என்ற நிபந்தனை இருந்தால் அதைப் படத்தோடு சேர்க்கவே முடியாது. காட்சியுடன் இணைப்பதே அந்த உரிமத்தின் கணக்கில் மாற்றம்தான். பதிவேற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

இவ்வளவையும் படப்பிடிப்பு அன்று நினைவில் வைத்திருக்க முடியாது. தாளில் இருக்க வேண்டும். ஷாட் பட்டியலில் எண், அளவு, கேமரா அசைவு, ஒலி என்று கட்டங்கள் போடுகிறீர்கள் அல்லவா, இன்னொரு கட்டத்தையும் சேருங்கள்: இந்த ஷாட்டில் யாருக்கு என்ன ஆகலாம். அதில் ஏதாவது எழுத வேண்டியிருந்தால், அதே உணர்வைத் தரும் வேறு ஷாட்டைப் பக்கத்தில் எழுதுங்கள். மொட்டை மாடிக் குழுவினர் அடுத்த படத்துக்கு அப்படி ஒரு பட்டியல் கொண்டுவந்தார்கள். ‘நாயகன் மாடிப்படியில் உருண்டு விழுகிறான்’ என்பதை அடித்துவிட்டு, ‘படியில் உருண்டுவரும் கைப்பேசி, அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஷாட்டில் வெட்ட எனக்கு ஒரு ஃபிரேம்கூடக் கிடைக்கவில்லை.

பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் அதில் போடாதீர்கள்; அவர் ‘கட்’ சொன்னால் கேமரா நிற்க வேண்டும். தொடக்கக் காட்சியில் எப்படியும் பெயர்கள் ஓடத்தான் போகின்றன, அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். எழுத்துகளைச் சின்னதாகப் போட்டுவிட்டு யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள், நான் படிக்கிறேன்.