ஒலியைத் தின்னும் நெக்

குன்னூரில் நான் முதன்முதலில் செய்த பேஸ் கிட்டாரில் ஒரே ஒரு சுரம் மட்டும் நிற்கவில்லை. ஜி தந்தியில் ஆறாவது ஃபிரெட்டை (விரல் வைக்கும் இடத்தைக் குறிக்கும் உலோகக் கட்டை) அழுத்தி மீட்டினால் 'டும்' என்று எழுந்த கையோடு அடங்கிவிடும். நாலு ஃபிரெட் தள்ளி அதே தந்தி நீண்டு ஒலிக்கும். தந்தியை மாற்றினேன், ஃபிரெட்டைத் தேய்த்துச் சமன் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நெக்கின், அதாவது தந்திகள் ஓடும் நீண்ட கழுத்தின் நுனியில், ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதியில் ஒரு சி-கிளாம்ப்பை (தச்சர்களின் இரும்புப் பிடி) மாட்டி முடுக்கினேன். சுரம் திரும்ப வந்துவிட்டது!

வீணையில் மரம்தான் பாடுகிறது. தந்தியின் அதிர்வை பலாமரப் பலகை வாங்கிக் காற்றை அசைக்கிறது. என் பேஸ் போன்ற எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வேலையே மரத்துக்கு இல்லை. தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கின்றன. மேலே இரும்புத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் கலைந்து கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அது கேட்பது தந்தியின் அசைவை மட்டுமே.

அப்படியானால் எந்த மரமாக இருந்தால் என்ன? மரம் ஒலியைத் தராவிட்டாலும் எடுத்துக்கொள்ளும், அதுதான் விஷயம். மலைப்பாதையில் பழைய பேருந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் ஜன்னல் கண்ணாடி தடதடக்குமே, அதுபோல நெக்குக்கும் சொந்த அதிர்வெண் உண்டு. என் நெக் நொடிக்கு ஏறக்குறைய 139 முறை ஆடத் துடித்தது. ஜி தந்தியின் ஆறாவது ஃபிரெட்டும் அதே 139தான். தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொண்டு தானே ஆடித் தீர்த்துவிட்டது. கிளாம்ப்பின் எடை சேர்ந்ததும் நெக்கின் அதிர்வெண் கீழே இறங்கியது, அந்தச் சுரம் தப்பியது.

அதனால் நெக்குக்கு விறைப்பான மரம் வேண்டும், அது நாளடைவில் கோணாமலும் இருக்க வேண்டும். நான்கு பேஸ் தந்திகள் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுக்கின்றன.

அடுத்த நெக்கை பிளாக்வுட்டில் செய்தேன். ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்து, சோலைகளுக்குள்ளும் புல்வெளிகளுக்குள்ளும் பரவிவிட்ட மரம் இது. சொந்த நாட்டில் மேட்டன் நிறுவனம் இதில் அருமையான கிட்டார்கள் செய்கிறது. மரக்கடையில் 'காய்ந்த பலகை' என்றார்கள், நம்பி வாங்கினேன். மூன்றே மாதத்தில் நெக் முறுக்கிக்கொண்டது. உள்ளே இருக்கும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி வளைவைத்தான் நிமிர்த்தும், முறுக்கை ஒன்றும் செய்யாது.

மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்லின் உள்வெளியில் நிற்பது முதலில் போகும், அப்போது மரம் சுருங்காது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் செல் சுவருக்குள் பிணைந்த நீர் வெளியேறத் தொடங்கும், அங்கேதான் சுருக்கமும் தொடங்குகிறது. மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். வளையங்கள் சாய்ந்த பலகை கோணிப்போவது இதனால்தான்.

இப்போது கடைக்காரர் சொல்லை நம்புவதில்லை. ஒரு சிறு துண்டை அறுத்துச் சமையல் தராசில் வைத்தேன்: 138 கிராம். ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்த பிறகு 115. போன தண்ணீர் 23 கிராம், அதாவது காய்ந்த எடையில் 20 சதவீத ஈரம். ஐப்பசி மழையில் மூடுபனிக்குள் கிடக்கும் பலகை இதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. அதே கருவி சென்னையில் ஏசி அறைக்குப் போனால் 9 சதவீதத்துக்கு வந்துவிடும், சுருங்காமல் என்ன செய்யும்?

அதனால் பலகையை மூடிய அலமாரியில், ஈரம் உறிஞ்சும் கருவியோடு 10 சதவீதம் வரும்வரை வைக்கிறேன். அப்புறம் மூன்று பட்டைகளாக அறுத்து, ரேகைகள் எதிரெதிராகச் சாயும்படி ஒட்டுகிறேன். ஒன்று முறுக்கினால் மற்றது தடுக்கும். நடுவில் ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கீற்று வைத்தால் விறைப்பு கூடும். 2017இல் ஈட்டி இனங்கள் எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வந்தன, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. நான் பயன்படுத்துவது பழைய கட்டில் சட்டத்திலிருந்து எடுத்த ஈட்டி. நாற்பது வருடம் வீட்டுக்குள் காய்ந்த மரம், தராசில் வைத்தால் வாரத்துக்கு வாரம் ஒரு கிராம்கூட மாறுவதில்லை.